முப்பத்தெட்டாவது கிலோமீட்டர்

சூடானால் நின்றுவிடுகிறது என்றான் எவாரிஸ்தோ.
இல்லை, நின்ற பிறகுதான் நாம் சூடாகிறோம் என்றேன்.
பாஹோ கராகோலெஸ் தாண்டி
நாற்பதாம் நெடுஞ்சாலையின் ஓரத்தில் கிடந்தது வேன்.
காற்று கதவைத் திறக்கவிடவில்லை,
திறந்தபின் மூடவும் விடவில்லை.

தொண்ணூற்றொன்றில் பிறந்த ரெனோ.
உள்ளே ஒரு கட்டில், இரட்டை அடுப்பு,
மடித்தால் மேசையாகும் பலகை,
மடங்க மறுக்கும் எங்கள் முழங்கால்கள் நான்கு.
நன்றாகத்தான் ஓடும்.
பிறகு ஒரு விக்கல்.
யாரோ பின்னாலிருந்து சட்டையைப் பிடித்ததுபோல் ஓர் இழுப்பு.
பிறகு சரளைக்கல் சத்தம் மட்டும்.
இருபது நிமிடம் சும்மா விட்டால்
ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்பும்.
அந்த அப்பாவி முகம்தான் எனக்கு ஆத்திரம்.

பிளக் மாற்றினோம். காயில் மாற்றினோம்.
பம்ப் புதிது, பழையதை நம்பிக்கையில்லாமல் பத்திரப்படுத்தினோம்.
எஸ்கெல்லில் ஒரு மெக்கானிக்
கார்பரேட்டரைப் பிரித்து, மீன்முள் பரப்புவதுபோல்
செய்தித்தாளில் பரப்பி, ஊதி, மாட்டி
"இனி தொந்தரவு இல்லை, செனியோரா" என்று
ஒரு வாரச் சாப்பாட்டுக் காசை வாங்கிக்கொண்டார்.
அவர் கைகழுவி முடிக்கும்முன் நின்றிருக்கும்.
எதிரே வந்த கம்பளி லாரிக்காரர்
பெட்ரோல் குழாயில் ஈரத்துணி சுற்றச் சொன்னார்.
சுற்றினோம். துணி பறந்து
ஒரு குவனாக்கோவைத் துரத்திக்கொண்டு போனது.

த்ரெலேவில் முப்பது வருஷம்
வீடு வீடாக மின்மீட்டர் கணக்கெடுத்தவள் நான்.
எழுதாவிட்டால் எனக்கு எதுவும் நடந்ததாகாது.
முப்பத்தெட்டு. பத்தொன்பது. அறுபத்து மூன்று. மறுபடி முப்பத்தெட்டு.
எவாரிஸ்தோ அந்த எண்களில்
மேட்டைத் தேடினான், வெயிலைத் தேடினான்,
என் ஓட்டும் லட்சணத்தைத் தேடினான்.
இரவு, டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
பக்கத்தில் இன்னொரு பத்தி போட்டேன்: டாங்கில் எவ்வளவு.
கால் டாங்க், பத்தொன்பது.
அரை, முப்பத்தெட்டு.
நிறைந்திருந்தால் அறுபத்து மூன்று.

அவனை உலுக்கி எழுப்பினேன்.
இது காய்ச்சல் இல்லை, தாகம்.

விடிந்ததும், சாலையோரம்
தாகத்தால் இறந்த திஃபுந்தா கொர்ரேயாவுக்கு
ஓட்டுநர்கள் கட்டிய சின்னக் கோயில் பக்கம்,
தண்ணீர் பாட்டில்களும் பழைய டயர்களும்
காற்றை மறைத்த இடத்தில்
டாங்கைக் கழற்றினோம்.
உறிஞ்சி எடுத்த பெட்ரோலில் பாதி
எவாரிஸ்தோவின் வாயில்.
கவிழ்த்துக் குலுக்கியபோது உள்ளே
ஏதோ மெல்லச் சரசரத்தது.
கம்பியை வளைத்து இழுத்தேன்.

நாணயத்தளவு வெள்ளித்தகடு.
புது பாட்டிலின் வாயை மூடியிருக்குமே, அது.
ஓடும்போது நீந்திப் போய் உறிஞ்சுகுழாயை அடைக்கும்.
நின்றால் விட்டுவிட்டு விலகும்.

"முன்னாடி வைத்திருந்தானே, ராவ்சன் பல்வைத்தியன்,
அவன் வேலைதான்!" என்று துப்பினான் எவாரிஸ்தோ.
இருக்கும் என்றேன்.

கொமொதோரோவில் வேன் லேசாக இருமியபோது
எஞ்சினைச் சுத்தம் செய்யும் மருந்து ஒன்று வாங்கினேன்.
வரைபடம் பற்றி அவன் கத்திக்கொண்டிருந்தான்,
நானும் கத்திக்கொண்டே
ஸ்க்ரூடிரைவரால் மூடியைக் குத்தி
முழுவதையும் ஊற்றினேன்.
தகடு எங்கே விழுந்ததென்று பார்க்கவில்லை.
பார்த்தேனோ.

கோயிலில் அவன் ஒரு பாட்டில் தண்ணீரும்
ஒரு குற்றமும் செய்யாத பழைய பம்ப்பையும் வைத்தான்.
நான் தகட்டை நோட்டுக்குள் வைத்தேன்.

முப்பத்தெட்டில் இருவரும் பேச்சை நிறுத்தினோம்.
முப்பத்தொன்பதில் ஹாரனை அடித்தான், யாருமில்லாத சமவெளிக்கு.
அறுபத்து மூன்று தாண்டட்டும், சொல்லிவிடலாம் என்றிருந்தேன்.
அவன் ஏதோ ஒரு மெட்டை, வழக்கம்போல் தப்பாக,
விசிலடிக்க ஆரம்பித்தான்.
கிரெகோரெஸ் ஊரின் விளக்குகள் தெரிந்தன.
நோட்டை எடுத்து எழுதினேன்:
நூற்றெழுபத்திரண்டு. நிற்கவில்லை.